சின்ன வீட்டில் கைக்குழந்தை: எதற்கு இடம் கொடுப்பது, எதை விடுவது

யாழ்ப்பாணத்தில் வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடு ஒன்றின் மொத்தத் தரை ஏறக்குறைய 550 சதுர அடி. ரவுணுக்குள் வாடகைக்குக் கிடைக்கிற அனெக்ஸ் பல அதைவிடச் சின்னவை. அப்படி ஒரு வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்கு ஐந்தடிக் கட்டில், ஒரு அலுமாரி, கதவு திறக்கிற இடம் எல்லாம் போக மிஞ்சுவது கட்டிலைச் சுற்றி நடக்கிற இடம்தான். அதற்குள் நாலடிக்கு இரண்டடிப் பேபி கொட் ஒன்றை இறக்கினால் அலுமாரிக் கதவு பாதிதான் திறக்கும். இரவு இரண்டு மணிக்கு, தையல் ஆறாத உடம்போடு, அந்த இடுக்குக்குள்ளால் பக்கவாட்டில் நடந்துபோகப் போகிறவள் பிள்ளையைப் பெற்றவள்.

அதனால்தான், குழந்தைச் சாமான் வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்க்க முதல் தரையை அளந்து பார்க்கச் சொல்கிறேன். இந்தச் சாமான் எத்தனை அடி பிடிக்கும், எத்தனை மாதத்துக்கு உதவும், பாவிக்காத நேரம் மடித்து வைக்கலாமா அல்லது சுவரில் கொழுவலாமா என்று கேட்டாலே பாதிச் சாமான் கடையிலேயே நின்றுவிடும். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். சின்ன வீட்டில் பிள்ளை படுக்கிற இடத்துக்கு மட்டும் தரையைத் தாராளமாகக் கொடுக்கலாம். மற்றதெல்லாம் தொங்கவேண்டும், மடியவேண்டும், இல்லாவிட்டால் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

இதில் நம் பழக்கவழக்கம் ஒன்று நல்லாய் உதவுகிறது. பிள்ளை பிறக்க முன்னம் சாமான் வாங்கி வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்புகிறோமோ இல்லையோ, சின்ன வீட்டுக்கு இது பொருத்தமான நடைமுறை. முதல் மாதத்தில் பிள்ளைக்கு வேண்டியது தாய்ப்பால், தோய்த்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணி, நுளம்பு வலை, படுக்க ஒரு தட்டையான இடம். அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை பெரிய சாமான் எதையும் வாங்காமல் பொறுத்திருங்கள். அன்றைக்கு வருகிறவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்துவிடும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு போய்ச் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஓட்டோ ஒன்றுக்குள் ஏற்றிக் கொண்டுபோக முடியாத சாமானை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கவேண்டி வந்துவிடும்.

சரி, படுக்கைக்கு வருவோம். இங்கே நான்கு வழி இருக்கிறது: ஏணை, மரக் கொட், மடிக்கிற வலைக் கொட், தரையில் தனி மெத்தை.

இடத்தைப் பொறுத்தவரை ஏணையை வெல்ல ஒன்றும் இல்லை. பழைய நூல்சேலை ஒன்றை இரட்டையாக மடித்துத் தீராந்தியில் கட்டி, விரிந்து நிற்பதற்கு ஏணைத்தடியும் போட்டு, அடியில் மடித்த துணி ஒன்றை விரித்தால் வேலை முடிந்தது. தரையில் ஒரு அடிகூடப் போகாது. வேண்டாத நேரம் அவிழ்த்துச் சுருட்டி வைக்கலாம். பங்குனி, சித்திரை வெக்கையில் நூல்சேலைக்குள்ளால் காற்றுப் போய்வரும். மெத்தையில் கிடந்து அழுகிற பிள்ளை ஏணையில் போட்டு நாலு தரம் ஆட்டக் கண் மூடுகிறதை எல்லாரும் பார்த்திருப்போம்.

ஆனால் பிள்ளை ஏணைக்குள் எப்படிக் கிடக்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். முதுகு வளைந்து, நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டு இருக்கும். முதல் மாதங்களில் பிள்ளைக்குத் தலையைத் தூக்கிச் சரிப்பண்ணுகிற பலம் கிடையாது. நாடி நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழாய் ஒடுங்கும், சத்தம் எதுவும் கேட்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், 10 பாகைக்கு மேல் சரிந்த எதிலும் குழந்தையை உறங்கவிட வேண்டாம், தட்டையான, இறுக்கமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள் என்கிறது. சரிந்த குழந்தைப் படுக்கைகளை விற்பதையே அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டு நிறுத்தியது. நம் ஏணையை மனதில் வைத்துப் போட்ட சட்டமில்லை அது. என்றாலும் வளைந்து கிடந்தால் மூச்சுக்கு என்ன நடக்கும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே ஏணையைக் கைவிடச் சொல்லவில்லை, இரவில் பிள்ளையை அதில் உறங்கவிட வேண்டாம் என்கிறேன். பகலில், ஆள் அந்த அறையிலேயே இருக்கும்போது, பிள்ளையின் முகம் தெரிகிறமாதிரிச் சேலையை விரித்து வையுங்கள். கீழே மெத்தை ஒன்று போட்டு, தரைக்கு மிகக் கிட்டவாகக் கட்டுங்கள். முடிச்சையும் சேலையின் நூலையும் அடிக்கடி இழுத்துப் பார்க்கவேண்டும். பிள்ளை அயர்ந்ததும் தூக்கி மெத்தையில் மல்லாக்கக் கிடத்தலாம். நாலைந்து மாதத்தில் பிரளத் தொடங்கியபின் ஏணையின் காலம் முடிந்தது. மூத்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில், அவர்கள் ஆட்டுகிற வேகத்தையும் கணக்கில் எடுங்கள்.

தட்டுப் போட்ட வீட்டிலும் சீற் வீட்டிலும் ஏணை கட்டத் தீராந்தி கிடையாது. கொங்கிறீற் போடும்போதே கொழுக்கி வைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் கடையில் விற்கிற இரும்புக் கால் வைத்த ஸ்பிரிங் தொட்டிலை வாங்குகிறார்கள். ஏணையின் ஒரே பெரிய நன்மை தரையைப் பிடிக்காதது. கால் வைத்ததும் அது போய்விடுகிறது, வளைவு மட்டும் மிஞ்சுகிறது. என் கணக்கில் இது நான்கிலும் சேராத, வாங்கத் தேவையில்லாத சாமான்.

மரக் கொட் உறுதியானது, தட்டையானது. ஒருமுறை செய்தால் இரண்டு மூன்று பிள்ளைகள் கண்டுவிடும். ரவுணில் தளபாடக் கடைகளில் வாங்கலாம், ஊரில் நல்ல ஓடாவி இருந்தால் அளவு சொல்லியும் செய்விக்கலாம். செய்விக்கிறவர்கள் ஒரு விசயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும்: சட்டங்களுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. வெறும் சோடா ரின் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது சட்டங்களுக்குள்ளால் நுழைந்தால் பிள்ளையின் உடம்பும் நுழையும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பக்கம் இறங்குகிற கொட்களை அமெரிக்கா 2011இல் தடைசெய்தது. பழைய கொட் ஒன்றை யாரும் தந்தால், அந்தப் பக்கத்தை ஆணி அடித்து அசையாமல் செய்யாமல் பிள்ளையைப் போடாதீர்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும் மரக் கொட்டுக்கு ஒரு குறை தீராது. வைத்த இடத்திலேயே நிற்கும். நினைத்த நேரம் விறாந்தைக்குக் கொண்டுபோக முடியாது.

மடிக்கிற வலைக் கொட் இதற்கு நேர்மாறு. நான்கு பக்கமும் வலை, காற்று வரும். மடித்துப் பையில் போட்டால் அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம். பகலில் விறாந்தை, இரவில் அறை, வார இறுதியில் அம்மா வீடு என்று கூடவே வரும். இதோடு வருகிற மெத்தை மெல்லிசாக, கொஞ்சம் கடினமாக இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்து, ‘பாவம் பிள்ளைக்கு முதுகு நோகும்’ என்று மேலே பஞ்சு மெத்தை ஒன்று போடுவதுதான் நம் வீடுகளில் நடக்கிற பிழை. பெரியவர்களுக்குக் கடினமாகத் தெரிகிறது பிள்ளைக்குச் சரியானது. மேலே போட்ட மெத்தைக்கும் வலைக்கும் நடுவில் விழுகிற குழிதான் ஆபத்து.

நான்காவது, தரையில் தனி மெத்தை, செலவு மிகக் குறைந்தது. அறையில் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு, அல்லது கட்டிலையே சில மாதத்துக்குக் கழற்றி வைத்துவிட்டு, தாய் பாயில் படுக்க, பக்கத்தில் ஒரு கை தூரத்தில் பிள்ளைக்குச் சின்ன, இறுக்கமான மெத்தை. விழுவதற்கு உயரமே இல்லை. காலையில் சுருட்டினால் அறை முழுக்க வெறுமையாகிவிடும். தரையில் பூரானும் மட்டத்தேளும் வருகிற வீடுகளில் வலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகவேண்டும், அதுவும் ஒவ்வொரு இரவும்.

ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் வலைக் கொட்டை வாங்குங்கள். அதுவும் முடியாது என்றால் தரை மெத்தையும் வலையும் போதும், இதில் குறை ஒன்றும் இல்லை. மரக் கொட்டை, ஒன்றுவிட்ட அக்கா வீட்டிலிருந்து நல்ல நிலையில் வந்தால், அதற்கு இடமும் இருந்தால் மட்டும் எடுங்கள். எதை எடுத்தாலும் குறைந்தது ஆறு மாதத்துக்குப் பிள்ளை தாயின் அறையிலேயே, தனிப் படுக்கையில் படுக்கவேண்டும். தலையணை, கடையில் பெட்டியோடு விற்கிற சின்னப் பக்கத்து அணைகள், பஞ்சுப் போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். பல வீடுகளில் பால் கொடுத்தபடி தாய் பிள்ளையோடு அயர்ந்துபோவாள், அது எனக்கும் தெரியும். அப்படியென்றால் தலையணைகளை முதலே அப்புறப்படுத்திவிட்டு, பிள்ளையைத் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் விடாமல் இருங்கள். மது குடித்தவரோ புகைப்பவரோ அந்தப் படுக்கையில் இருக்கக் கூடாது. செற்றியில் பிள்ளையோடு உறங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

வலையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, பிள்ளையோ பகலில் பாதி நேரம் உறங்குகிறது. ஆகவே இரவு வலை மட்டும் போதாது. குடை மாதிரி விரிகிற சின்ன வலை மலிவு, எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம், ஐந்தாறு மாதத்தில் பிள்ளை உதைத்துப் பிரட்டிவிடும். நான்கு மூலையில் கட்டித் தொங்கவிடுகிற பெரிய வலை, தாயையும் பிள்ளையின் மெத்தையையும் ஒன்றாக மூடும், வருடக்கணக்கில் உழைக்கும், தரையைப் பிடிக்காது. இரண்டையும் வாங்குங்கள். நான் ‘இரண்டையும்’ என்று சொல்கிற ஒரே சாமான் இதுதான். சின்ன அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு நுளம்புத்திரி கொளுத்துவது வலைக்கு மாற்று ஆகாது, அந்தப் புகை முழுக்கப் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

அடுத்தது துணி நப்பியா பம்பஸா. இதைக் காசுக் கணக்காகவே பேசுவார்கள், சின்ன வீட்டில் இது கொடியும் குப்பையும் பற்றிய கேள்வி. பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு முறை மாற்றவேண்டி வரும். வெயில் காலத்தில் யாழ்ப்பாண வெயிலுக்குப் பருத்தித் துணி விறுவிறென்று காய்ந்துவிடும், முற்றத்தில் ஒரு கொடி போதும். கார்த்திகை, மார்கழியில் அதே துணி விறாந்தையில் இரண்டு நாள் தொங்கும், வீடு முழுக்க ஈர வாடை. பம்பஸ் துவைக்கத் தேவையில்லை. ஆனால் பாவித்தது எங்கே போகிறது? குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் உங்கள் ஒழுங்கைக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளவுக்குள் குப்பையைக் கூட்டி எரிக்கிற வீடுகளில் பம்பஸ் முழுதாக எரியாது, பிளாஸ்ரிக் புகைதான் வரும். மலகூடக் குழிக்குள் போட்டால் குழி அடைத்துக்கொள்ளும். எனக்குச் சரியாகப்படுவது கலந்து பாவிப்பதுதான். வெயில் காலப் பகலுக்குத் துணி, இரவுக்கும் பயணத்துக்கும் பம்பஸ், அடைமழை நாட்களில் பம்பஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பட்டன் வைத்த, திரும்பப் பாவிக்கிற நப்பிகள் பார்க்க வடிவானவை. ஆனால் உள்ளே வைக்கிற தடித்த துணி காய நேரம் எடுக்கும். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், சவர்க்காரம் சரியாக நுரைக்காமல் துணியில் தங்கிவிடும். எந்தத் துணியாக இருந்தாலும் இன்னொரு முறை அலசிப் போடுங்கள், பிள்ளையின் தொடை சிவக்காது.

அந்தத் தண்ணீரைப் பற்றி இன்னொரு விசயம் இருக்கிறது. போத்தல் செற், கரண்ட் ஸ்ரெறிலைசர், போத்தல் காயவைக்கிற தட்டு என்று கடைகள் ஒரு மேசையளவு சாமானைக் காட்டும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று குடும்பநல உத்தியோகத்தர் கிளினிக்கில் சொல்வார். அப்படி இருக்கிற வீட்டுக்கு இதில் எதுவும் தேவையில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் தோட்டத்து உரமும் மலகூடக் குழிக் கழிவும் ஊறி, பல கிணறுகளில் நைத்திரேற்று கூடி இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போன தண்ணீரில் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிறதைத் தடுக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். வைத்தியர் சொல்லிப் பால்மா கொடுக்கவேண்டி வந்தால் தண்ணீர் எங்கே இருந்து எடுக்கிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும், எந்தப் போத்தல் என்பது அதற்குப் பிறகு. வேலைக்குத் திரும்புகிற தாய்மாருக்கு ஒரு கைப் பம்பும், மூடி போட்ட இரண்டு பாத்திரமும், சின்னக் கோப்பையும் கரண்டியும் போதும். கழுவி, பானையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் சரி. ஸ்ரெறிலைசர் வாங்கினவர்கள் அதன் அடித்தட்டைப் பார்த்தால் தெரியும், கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நாளிலேயே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிடும்.

வெளியில் போகிற சாமானில்தான் வெளிநாட்டுச் சொந்தங்கள் அதிகம் செலவழிக்கிறார்கள். “மோனை, ஸ்ரோலர் ஒண்டு அனுப்பட்டே? இங்க நல்லது மலிவாய்ப் போகுது” என்று மாமி கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அவர் நினைக்கிறது நடைபாதை உள்ள ஊரை. நம் ஒழுங்கைகளில் மணலும் கல்லும், பெரிய வீதியில் நடைபாதை இல்லாமல் பஸ்சும் மோட்டார் சைக்கிளும். சின்னச் சில்லு வைத்த ஸ்ரோலர் நல்லூர்த் திருவிழா மணலில் புதைந்து நின்றுவிடும், சனத்துக்குள் தள்ளவும் முடியாது. கிளினிக்குக்கு ஓட்டோவில் போனால் மடித்து வைக்க இடம் இல்லை. வீட்டிலோ விறாந்தையில் பாதியைப் பிடிக்கும். உடம்பில் கட்டித் தூக்குகிற பை இதே வேலையைச் செய்துவிட்டு ஆணியில் தொங்கும். மெல்லிய பருத்தியில் வாங்குங்கள், தடித்த பஞ்சு வைத்ததில் நம் வெக்கைக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் வேர்த்து ஊற்றும். பிள்ளையின் முகம் எப்போதும் தெரியவேண்டும், நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கவேண்டும். பையில் கட்டினபடி மோட்டார் சைக்கிளில் ஏறுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மாமிக்கு, “மாமி, அதுக்குப் பதிலா உந்தக் கட்டுற பை ஒண்டு அனுப்புங்கோ, நல்ல வெப்பமானியும் ஒண்டு வையுங்கோ” என்று சொன்னால் அவர் மனமும் நோகாது.

வோக்கர் பற்றி யோசிக்கவே வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது, பழையதை விற்பதும் குற்றம். அங்கே இருக்கிற சித்தியால் வாங்க முடியாத சாமான் இங்கே கடை வாசலில் கலர் கலராகத் தொங்குகிறது. வோக்கரில் பிள்ளை நாம் திரும்புகிறதற்குள் அறையின் மறுபக்கம் போய்விடும். நம் வீடுகளில் வாசல்படி உண்டு, குசினியில் அடுப்பு தரையோடு உண்டு, வளவுக்குள் கிணறு உண்டு. நடை பழகவும் அது உதவாது, பிந்தத்தான் செய்யும். பனையோலைப் பாய் ஒன்றை விரித்துவிடுங்கள், பிள்ளை அதில் தவழ்ந்து, கதிரையைப் பிடித்து எழும்பும்.

மற்றவை சுருக்கமாக. உடுப்பு மாற்றுகிற மேசை வேண்டாம், கட்டிலில் றப்பர் சீற்றும் ஒரு துணியும் போதும், ஒரு கை எப்போதும் பிள்ளையில் இருக்கட்டும். குளிப்பாட்ட அம்மம்மா காலை நீட்டி இருக்கிற வீட்டில் தொட்டியே தேவையில்லை, தனியாகச் செய்கிறவர்களுக்கு அகலமான பேசின் ஒன்று காணும், பிறகு துணி ஊறப்போட உதவும். சோறு ஊட்டுகிற உயரக் கதிரைக்குப் பதில், சாப்பாட்டுக் கதிரையில் பெல்ற்றால் கட்டுகிற சின்ன இருக்கையை ஆறு மாதம் முடிந்தபின் வாங்குங்கள். உடுப்புகளுக்குப் புது அலுமாரி வேண்டாம், உங்கள் அலுமாரியில் ஒரு லாச்சியை ஒதுக்கினால் சரி.

கடைசியாகக் கார் இருக்கை. ஓட்டோவில் அதைக் கட்ட பெல்ற் இல்லை, ஆகவே ஓட்டோவில் மட்டும் போய்வருகிறவர்களுக்கு அது வீட்டில் கிடக்கிற பெட்டிதான். ஆனால் சொந்தமாகவோ குடும்பத்திலோ கார் இருந்தால், கொழும்புக்கு ஏ9இல் இரவு ஓட்டம் இருந்தால், கார் இருக்கையை வாங்குங்கள். மடியில் வைத்திருக்கிற பிள்ளையை, கார் திடீரென நின்றால் எந்தக் கையாலும் பிடித்துவைக்க முடியாது. பிரித்தானியாவில் இன்று விற்கிற புதிய வகை இருக்கைகளில் 15 மாதம் முடியும்வரை பிள்ளையைப் பின்பக்கம் பார்த்தபடிதான் இருத்தவேண்டும். வெளிநாட்டிலிருந்து பழையது வருகிறதென்றால் விபத்தில் பட்டதா என்று கேளுங்கள், அடியில் அச்சடித்த காலாவதித் திகதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் காரின் பின்சீற் பெல்ற் அதைச் சுற்றி வர நீளம் காணுமா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் தயங்காமல் எடுங்கள். பெரிய சாமான்களில் வீட்டுத் தரையில் ஒரு அடிகூடக் கேட்காதது அது ஒன்றுதான், காருக்குள்ளேயே இருந்துவிடும்.